மெய்நிகர் கணினி: ‘மாயம்’ ஏன் பொருந்தாது

கணினிப் பயிற்சி வகுப்புகளிலும் தமிழில் வரும் செய்முறைக் காணொளிகளிலும் ‘மாயக் கணினி’ என்ற சொல் தாராளமாகப் புழங்கத் தொடங்கியிருக்கிறது. விண்டோஸ் ஓடும் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு மென்பொருளின் துணையால் லினக்ஸையும் ஓடவிடுகிறோம் அல்லவா, ஆங்கிலத்தில் ‘விர்ச்சுவல் மெஷின்’ எனப்படும் அந்த உள்கணினிக்குத்தான் இந்தப் பெயர். இராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் இதைக் கரும்பலகையிலேயே எழுதிப் பாடம் நடத்தினார்கள். மண்டபம் ஊரிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி எழுந்து, “சார், மாயக் கணினி என்றால் அதில் நான் சேமிக்கும் கோப்பு எங்கே போகும்? கணினியை அணைத்தால் மறைந்துவிடுமா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையே கிடையாது. மாயம் என்ற சொல்லுக்கு அவள் வீட்டில் என்ன பொருளோ அதை நம்பிக் கேட்டாள். பிழை முழுவதும் சொல்லைத் தேர்ந்தவர்களுடையது.

முதலில் மூலச்சொல். ஆங்கில ‘விர்ச்சுவல்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘விர்’ என்றால் ஆண். ‘விர்ட்டூஸ்’ என்றால் ஆண்மை, ஆற்றல், சிறப்பு. அதிலிருந்து ‘ஆற்றல் உடைய’ என்ற பொருளில் ஓர் அடைமொழி பிறந்தது. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபின், 15ஆம் நூற்றாண்டிலேயே அது ‘பெயரளவில் அது இல்லை, பயனளவில் அதுவே’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது. கணினித் துறை எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். மான்செஸ்டரில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய முதன்மை நினைவகத்தையும் பெரிய உருளை நினைவகத்தையும் இணைத்து ஒரே நினைவகம்போல் ஆண்டது. 1967இல் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சிபி-40 என்ற அமைப்பு ஒரே பெருங்கணினியைப் பல பயனர்களுக்கு ஆளுக்கொரு தனிக்கணினியாகப் பகிர்ந்து தந்தது. அதன் வழித்தோன்றல் 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. மேசைக்கணினிக்கு விஎம்வேர் 1999இலும் வர்ச்சுவல்பாக்ஸ் 2007இலும் வந்தன. வரலாறு இந்த அளவுக்குப் போதும்.

‘மாயம்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? பள்ளி இயற்பியலில் இருந்து. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது மாயபிம்பம், திரையில் பிடிக்கக்கூடியது மெய்பிம்பம் என்று எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் அங்கேயும் ‘விர்ச்சுவல்’தான். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருக்கிறதே, தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டுவிடலாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அகராதியில் ஒரு வரியைப் பார்த்தவுடன் மூடிவிடும் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கம் இது. ஒளியியலில் அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. ஆடிக்குப் பின்னால் என் முகம் இருப்பதாகக் கண் காண்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால் சுவர்தான் இருக்கிறது. காட்சி உண்டு, அந்த இடத்தில் பொருள் இல்லை. அதற்கு மாயம் என்ற பெயர் தகும்.

கணினியில் நிலைமை தலைகீழ். உள்கணினிக்குத் தனியாகப் பெட்டி கிடையாது, மின்பலகை கிடையாது. காட்டு என்றால் கையால் தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் வேலை முழுவதும் நடக்கிறது. எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் உள்கணினிக்கு நான்கு ஜிபி ஒதுக்கினால், மிச்சம் இருக்கும் நான்கு ஜிபியில்தான் வெளிக்கணினி காலம் தள்ள வேண்டும். உள்கணினியின் வன்வட்டு என்பது வெளிக்கணினியின் வன்வட்டில் ஒரு பெரிய கோப்பு. மண்டபத்து மாணவியின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது: அவள் சேமித்தது அந்தக் கோப்புக்குள் கிடக்கிறது, அணைத்தாலும் மறையாது. அந்தக் கோப்பை அழித்தால் அவள் எழுதியதெல்லாம் போய்விடும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அடைவை (ஃபோல்டரை) திறந்துவைத்தால், உள்ளே புகுந்த நச்சுநிரல் அந்த வழியாக வெளியே இருக்கும் கோப்புகளையும் கெடுக்கும். மாயம் என்று கற்றுக்கொண்டவர் இந்த எச்சரிக்கைகளில் எதை நம்புவார்? ‘அது மாயம்தானே’ என்று காப்புநகல் எடுக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் பக்கத்தில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதப் பழைய மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆகவே புதிய கணினிக்குள் எக்ஸ்பியை ஓர் உள்கணினியாக நிறுவி, இணையத் தொடர்பைத் துண்டித்து, கணக்கை மட்டும் அதில் போடுகிறார்கள். எடை, தரம், விலை எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. அதில் வரும் தொகையைப் பார்த்துத்தான் விசைப்படகுக்காரர்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகிறது. அந்தப் படகுக்காரரிடம் போய் ‘உங்கள் கணக்கு மாயக் கணினியில் இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள்; அன்றைக்கே வேறு கம்பெனி தேடிப் போய்விடுவார்.

‘மாய’ கட்சியினர் ஒரு வலுவான வாதம் வைக்கிறார்கள், அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. உள்ளே ஓடும் இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போன்றது), முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு நடக்கிறது. உண்மையில் அதற்குக் கிடைப்பது ஒரு பங்குதான். ஆகவே அதற்குக் காட்டப்படுவது மாயைதானே என்கிறார்கள். ஆங்கிலப் பாடநூல்களிலும் மாயை என்ற பேச்சு உண்டு. ஒப்புக்கொள்கிறேன், அங்கே ஒரு தோற்றம் உண்டு. ஆனால் அந்தத் தோற்றம் உடைமையைப் பற்றியது, வேலையைப் பற்றியது அல்ல. ‘எல்லாம் எனக்கே’ என்று அது நினைப்பது தவறு. ‘நான் கூட்டிய கணக்கு சரி’ என்று அது நினைப்பது தவறில்லை. பயனர் அறிய வேண்டியது இரண்டாவதை. போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1974இல் இதற்கு இலக்கணம் வகுத்தபோது, மெய்யான கணினியின் திறன் குன்றாத, தனித்து ஒதுக்கப்பட்ட படி என்றே சொன்னார்கள். திறன் குன்றக்கூடாது என்பதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை, உள்கணினியின் கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை மெய்யான செயலியிலேயே நேராக ஓட வேண்டும் என்பது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தங்கள் சில்லுகளில் இதற்கென்றே வசதி செய்து கொடுத்தன. மெய்யான சில்லில் மெய்யாக ஓடும் கட்டளையை மாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு நண்பர் ‘கானல் கணினி’ என்று ஒரு சொல்லைப் புனைந்து கொண்டுவந்தார். அழகான சொல் என்பதில் ஐயமில்லை. கானல் எங்கள் கரையின் சொல்; சங்கப் பாட்டில் அது கடற்கரைச் சோலை, நெய்தலின் சொத்து. ஆனால் இன்றைக்குக் கானல் என்றால் கானல்நீர் என்றுதான் காதில் விழும். நண்பகலில் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் தார்ச்சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கியதுபோல் தெரியும். கிட்டே போனால் ஒரு சொட்டுகூட இருக்காது. கண்ணுக்கு உண்டு, தாகத்துக்கு இல்லை. உள்கணினியோ கண்ணுக்கு இல்லாமல் தாகத்தைத் தீர்ப்பது. ஆகவே இதுவும் மாயத்தின் உறவுதான்.

‘போலிக் கணினி’ என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. இலக்கணத்தில் போலி மிக மரியாதையான சொல். பந்தல் பந்தர் ஆனாலும் பொருள் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் வேறு எழுத்து வந்து அதே வேலையைச் செய்வதற்குப் பெயர் போலி. விர்ச்சுவலின் பொருளை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் வேறொரு சொல் தமிழில் இருக்குமா என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனால் போலி மருத்துவர், போலி பத்திரம், போலி சான்றிதழ் என்று நாளேடுகள் அந்தச் சொல்லைக் காவல்நிலையத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டன. இனி மீட்க முடியாது. மேலும், வேறொரு வகைச் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக மொழிமாற்றிப் போலச்செய்யும் கியூஇஎம்யூ போன்ற மென்பொருள்களுக்கு ‘போல’ என்ற வேரில் ஒரு சொல் தேவைப்படுகிறது. அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

எஞ்சுவது மெய்நிகர். நிகர் என்பது ஒப்பு, சமம். தொல்காப்பிய உவமவியல் அடுக்கும் உவம உருபுகளில் ‘நிகர்ப்ப’ இருக்கிறது. அதே இயல் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. அங்கே மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். நம் உள்கணினி மெய்யான கணினியோடு ஒப்பது வினையிலும் பயனிலும். ஆகவே கறாராகப் பார்த்தால் ‘வினைநிகர்’ என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். ஆனால் மெய்நிகரில் உள்ள மெய்யை உடம்பு என்று கொள்ளாமல் உண்மை என்று கொண்டால், ‘உண்மையானதற்குச் சமமானது’ என்று பொருள் சரியாக நிற்கிறது. ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கிவிட்டு அதைவிட அரை அங்குலம் உயர்ந்த சொல்லை நடுவதால் படிக்கிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். நான் தூய்மைவாதி இல்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த கீழக்கரை மரபு என் கரையினுடையது. பிறமொழிச் சொல் உள்ளே வந்தால் தமிழ் தேய்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தவறான தமிழைவிட ‘விர்ச்சுவல் மெஷின்’ என்றே எழுதுவது எவ்வளவோ மேல்.

பின்னொட்டாக என்ன போடுவது என்பதிலும் சண்டை இருக்கிறது. மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள், மெய்நிகர் பொறி என்கிறார்கள். இயங்குதளம் நிறுவி ஓட்டும் இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டு மெய்நிகர் கணினி என்றே சொல்லலாம், ஏனென்றால் அது முழுக் கணினி. ஜாவா நிரல்மொழியோடு வரும் மெய்நிகர் அமைப்பின் கதை வேறு. அதில் இயங்குதளம் எதையும் நிறுவ முடியாது. நிரலை ஓட்டுவது ஒன்றே அதன் தொழில். அதற்கு மெய்நிகர் பொறி பொருந்தும்.

உள்ளே ஓடும் இயங்குதளத்தை (ஆங்கிலத்தில் ‘கெஸ்ட்’) ‘விருந்தினர்’ என்றும் வெளியே இருப்பதை (‘ஹோஸ்ட்’) ‘புரவலர்’ என்றும் எழுதுகிறார்கள். விருந்து சரி, அந்தச் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள், புதிதாக வந்து தங்குவதற்கு அது அமையும். ஆனால் உயிரில்லாத மென்பொருளுக்கு ‘அர்’ விகுதி எதற்கு? விருந்துத்தளம் போதும். புரவலர் கூடவே கூடாது. புரவலர் என்றால் இரவலருக்கு வாரி வழங்கி அனுப்புகிறவர். பரிசில் வாங்கியவர் திரும்பிப் போய்விடுவார். இங்கே இடம் கொடுத்து உள்ளே வைத்துக் காப்பாற்றும் வேலை நடக்கிறது. விருந்துக்கு இணையான வினை ஓம்பல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓம்புதளம் என்று சொல்லிவிட்டால் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

மெய்நிகருக்கு இப்போது வந்திருக்கும் பெரிய ஆபத்து மாயத்தால் வந்ததில்லை, செய்தியாளர்களால் வந்தது. 2020இல் ஊரடங்கு வந்ததிலிருந்து இணையத்தில் நடப்பதெல்லாம் அவர்களுக்கு மெய்நிகர் ஆகிவிட்டது. மெய்நிகர் கூட்டம், மெய்நிகர் வகுப்பு, மெய்நிகர் விழா. மாவட்ட அதிகாரி இராமநாதபுரத்தில் இருந்து பேசுகிறார், மீனவர் சங்கத்தார் தொண்டியில் இருந்து பதில் சொல்கிறார்கள், முடிவு எடுக்கப்படுகிறது. இதில் எது கூட்டத்துக்கு நிகர்? அது கூட்டமேதான். இணையவழிக் கூட்டம் என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’க்கு வைத்த ‘மெய்நிகர் உண்மை’ இன்னும் மோசம்: உண்மைக்கு நிகரான உண்மை என்று ஒரே பொருளை இருமுறை சொல்லி, இரண்டு முறையும் ஒன்றும் சொல்லாமல் விடுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் தமிழ்வழிப் பாடநூல்களில் இயங்குதளத்துக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமில் இருந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் அந்தச் சொல்லும் வழங்குகிறது. அது நீளம்தான், ஆனால் பொருளில் பழுதில்லை; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே இணைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, மெய்நிகர் கணினிகளை உருவாக்கி மேய்க்கும் மென்பொருள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஹைப்பர்வைசர். இயங்குதளத்தின் உட்கருவை ஒரு காலத்தில் சூப்பர்வைசர் என்றார்கள். அதற்கும் மேலே இருப்பதால் சூப்பரை ஹைப்பர் ஆக்கினார்கள். இந்த ஏணியைத் தமிழில் ஏறப்போய் ‘மிகைமேற்பார்வையாளர்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறி மேற்பார்வை பார்க்கும் ஒரு மனிதர்தான் அதைப் படித்தால் நினைவுக்கு வருவார். மெய்நிகராக்கம் என்பது செயலின் பெயர் என்றால், செய்வது மெய்நிகராக்கி. வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், லினக்ஸ் கருவுக்குள் 2007இல் சேர்ந்த கேவிஎம், எல்லாம் மெய்நிகராக்கிகள். ‘மெய்நிகராக்கியைத் திற; புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கு; விருந்துத்தளத்துக்கு நான்கு ஜிபி நினைவகம் ஒதுக்கு; ஓம்புதளத்தின் அடைவு எதையும் பகிராதே’ என்று செய்முறைக் குறிப்பு எழுதினால், மாயம் கலக்காமலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும்.