பிறழ் சாட்சி

கொலை வழக்குச் செய்திகளில் 'முக்கிய சாட்சி பிறழ் சாட்சியாக மாறினார்' என்று படித்திருப்போம். நீதிமன்ற வளாகத்தில் இதையே 'ஹாஸ்டைல் ஆயிட்டார்' என்பார்கள். ஒரு தரப்பு அழைத்து வந்த சாட்சி, கூண்டில் ஏறியதும் முன்பு சொன்னதை மாற்றி அந்தத் தரப்புக்கே எதிராகப் பேசினால் அவர் பிறழ் சாட்சி.

பகைவனைக் குறிக்கும் 'ஹோஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல்தான் ஹாஸ்டைலுக்கு வேர். இங்கிலாந்து நீதிமன்றங்களில் இருந்து நமக்கு வந்த சொல்வழக்கு இது. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. தான் அழைத்த சாட்சியிடமே குறுக்கு விசாரணைக் கேள்விகளைக் கேட்க ஒரு தரப்புக்கு நீதிமன்றம் அனுமதி தரலாம் என்றுதான் 154ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அது 157ஆம் பிரிவு. அனுமதி கிடைத்ததும் அரசு வழக்கறிஞர், போலீசாரிடம் சாட்சி முன்பு சொன்னதை எடுத்துக் காட்டி மடக்கலாம். அந்த வாக்குமூலம் முரண்பாட்டைக் காட்டத்தான் உதவும். அதை வைத்தே குற்றத்தை நிரூபிக்க முடியாது.

'பகைச் சாட்சி' என்று நேராகப் பெயர்க்காதது நல்லதாயிற்று. மாறிப் பேசுபவர்களில் பலருக்கு யார் மீதும் பகை இல்லை. மிரட்டலுக்குப் பயந்தவர்களும், பணம் வாங்கியவர்களும், வழக்கு இழுத்தடித்ததில் சலித்துப் போனவர்களும் உண்டு. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டியிருந்ததும் அதனால்தான்.

'பிறழ்தல்' என்றால் நிலை மாறுதல், தடம் விலகுதல். பிறழ் சாட்சி வினைத்தொகை என்பதால் நடுவில் 'ச்' மிகாது. சாட்சி வடசொல், 'சாக்ஷி', அதாவது கண்ணால் கண்டவர். தமிழில் இதற்குப் பழைய சொல் 'கரி'. 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள். சிலப்பதிகாரத்தில் பூதம் தண்டிக்கும் கூட்டத்தில் 'பொய்க்கரியாளர்' வருகிறார்கள். தனித்தமிழில் எழுத விரும்பினால் 'பிறழ்சான்றாளர்' எனலாம்.

ஆனால் பிறழ் சாட்சியைப் பொய்க்கரியாளராகவே எண்ணிவிடக் கூடாது. போலீசார் எழுதிக்கொண்டது தவறாக இருந்து, கூண்டில் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஒருவர் பிறழ்ந்ததால் அவருடைய சாட்சியம் முழுவதும் அழிந்து போவதும் இல்லை. நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1975இல், பகவான் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது.