ஒரே வீரர், இரண்டு விலை

காரைக்குடியில் பிசியோதெரபி பார்த்துவரும் எனக்குக் கோடை விடுமுறை வந்துவிட்டால் கூடைப்பந்துப் போட்டிகளும் முழங்கால்களும் சேர்ந்தே வரும். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் கிளப் ஒன்றின் செயலாளர், சென்னையில் துறை அணி ஒன்றுக்கு ஆடி முடித்த 34 வயது வீரரை அழைத்துவந்து, "டாக்டர், இவரை இறக்கினால் கோப்பை நமக்குத்தான், கால் தாங்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் இறங்கினால் வெளியே உட்கார வேண்டியவன், இரண்டு ஆண்டுகளாக அந்த அணியின் ஆட்டத்தை நடத்திவந்த 17 வயதுப் பையன்.

முழங்கால் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே டேப்பை வைத்து இரு தொடைகளையும் அளந்தேன். எப்போதோ தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இடது கால், வலதைவிட 2 சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. பிறகு கிளினிக் வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக இறங்கச் சொன்னேன். வலது கால் நேராக இறங்கியது, இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. முதல் நாள் ஆட்டத்தில் இது யார் கண்ணுக்கும் படாது. நம் ஊர்ப் போட்டிகள் தொடர்ந்து நான்கைந்து இரவுகள் நடப்பதால், மூன்றாம் இரவில் வீக்கமாக வெளியே வரும்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணிகளும் ஆண்டுதோறும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. கையிலுள்ள இளம் வீரர்களையும், வருங்கால டிராஃப்ட் உரிமைகளையும் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வு செய்வதே டிராஃப்ட், தோற்ற அணிகளுக்கே முன்வரிசை) கொடுத்து, பழுத்த வீரரை வாங்கலாமா என்பதே அங்கும் கேள்வி. இதற்கு நட்சத்திர வீரர் கெவின் கார்னெட்டை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் ஒரே மனிதர் இரண்டு முறை அப்படி வாங்கப்பட்டார். 2007-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 22 வயது அல் ஜெஃபர்சன் உள்ளிட்ட ஐந்து வீரர்களையும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் மின்னசோட்டா அணிக்குக் கொடுத்து, 31 வயதுக் கார்னெட்டைப் பெற்றது. முந்தைய பருவத்தில் 24 வெற்றிகளே கண்டிருந்த அணி அடுத்த பருவத்தில் 66 ஆட்டங்களை வென்று 2008-இல் பட்டமும் பெற்றது. இன்னொரு நட்சத்திரமான பால் பியர்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார், ரே ஆலனும் அதே கோடையில் வந்து சேர்ந்தார், 21 வயது ராஜான் ராண்டோவை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் மற்ற தூண்கள் நின்றுகொண்டிருந்தபோது வாங்கிய தூண் அது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2013-இல், அதே பாஸ்டன் 37 வயதான கார்னெட்டையும் 35 வயதான பியர்ஸையும் புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், 2017 டிராஃப்ட் வரிசையில் புரூக்ளினோடு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கிக்கொண்டது. புரூக்ளினில் முதல் பருவத்தில் கார்னெட் 54 ஆட்டங்களே ஆடி, சராசரியாக 6.5 புள்ளிகள் எடுத்தார். அணி பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் இரண்டாம் சுற்றோடு வெளியேறியது, பியர்ஸ் ஓராண்டிலேயே கிளம்பிவிட்டார். புரூக்ளின் சரியச் சரிய, கொடுத்த உரிமைகளின் மதிப்போ வளர்ந்துகொண்டே போயிற்று: 2016-இன் உரிமை ஜேலன் பிரௌனாகவும், 2017-இன் உரிமை இன்னொரு பரிமாற்றத்தின் வழியாக ஜேசன் டேட்டமாகவும் பாஸ்டனுக்கு வந்து, 2024-இல் பட்டமாயின.

இதை வைத்து இளையவனைக் கைவிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, இளைய முழங்கால் மட்டும் இரும்பாலானதா என்ன? 2009 பிப்ரவரியில் கார்னெட்டுக்கு வலது முழங்காலில் அடிபட்டது. அதே மாதம், அவருக்கு மாற்றாகப் போன ஜெஃபர்சனுக்கும் வலது முழங்காலில்தான் தசைநார் கிழிந்தது, அவருக்கு அப்போது வயது 24. மின்னசோட்டா 2018 வரை பிளேஆஃப் பக்கமே போகவில்லை. மறுபுறம், 2019-இல் இளைஞர் மூவரையும் மூன்று முதல் சுற்று உரிமைகளையும் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கிய லேக்கர்ஸ் அணி மறு ஆண்டே பட்டம் வென்றது. டேவிஸுக்கு அப்போது 26 வயதுதான் என்பதையும், பெரும் நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸ் அங்கே இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சம்பளமும் இதில் உண்டு. என்.பி.ஏ.யில் முதல் சுற்றில் தேர்வானவருக்கு முதல் நான்கு ஆண்டுகள் லீக் வகுத்த அட்டவணைப்படியான சம்பளமே என்பதால், அவர் மூத்த நட்சத்திரத்தைவிட மிக மலிவாகக் கிடைக்கிறார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நகரத்தார் இந்தக் கணக்கை அறிந்தவர்கள். கடையின் அடிமட்ட வேலையான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனே அடுத்தாளாகி, மேலாளாகி, கடையைப் பார்த்துக்கொள்ளும் நாள் வரை பொறுத்தார்கள்.

செயலாளரிடம் நான் சொன்னது இதுதான்: அவரை ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் இறக்குங்கள், பையனை அவரோடு சேர்த்தே ஆடவிடுங்கள். முதல் இரண்டு இரவு வெற்றியில் அது மறந்துபோயிற்று. மூன்றாம் இரவு முழங்கால் வீங்கிப் பெரியவர் உட்கார்ந்துவிட, உடம்பைச் சூடேற்றக்கூட நேரம் தராமல் பையனை அரையிறுதிக்குள் தள்ளினார்கள், தோற்றார்கள்.

பையன் இப்போது வேறு ஊர் அணிக்கு ஆடுகிறான். இந்தக் கோடையில் அவனைக் கெஸ்ட் பிளேயராகப் பேசி அழைத்துவர முடியுமா, எவ்வளவு கேட்பான் என்று செயலாளர் என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.