எட்டு அடிச் சங்கிலி ஊஞ்சலும் ஓர் அணியின் அடுக்கும்

அண்ணன் மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா, ஓர் எண்ணை மூன்று தடவை பெருக்கினா மூன்றாம் அடுக்கு, சரி. அடுக்குல ஒரு மேட்ரிக்ஸையே தூக்கி வச்சா எத்தனை தடவை பெருக்குறது?" என்று கேட்டாள். அது ஒரு தொடர், பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தொடர் எங்கிருந்து முளைத்தது என்பது அந்தப் பதிலில் இல்லை. அது கடிகாரத்திலிருந்து முளைத்தது.

அவள் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலையே பாருங்கள். பலகை இப்போது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் அப்புறம் நடப்பது எல்லாமே தீர்மானமாகிவிடும், எப்போது ஆட ஆரம்பித்தோம் என்பது ஊஞ்சலுக்கு வேண்டாத விஷயம். ஆகவே 'இரண்டு விநாடி கழித்து என்ன நிலை' என்று சொல்ல ஒரு விதி உண்டு, மூன்று விநாடிக்கு இன்னொன்று உண்டு. முதல் விதியின் விடைமேல் இரண்டாவதைப் போட்டால் ஐந்து விநாடி விதி வந்தே ஆக வேண்டும். பூஜ்ய விநாடி விதி எதையும் மாற்றாது. மைனஸ் இரண்டு விநாடி விதி நடந்ததைப் பின்னோக்கி ஓட்டும். நேரம் என்ற ஒரே அளவைப் பிடித்துத் தொங்கும் இந்த விதிக் கூட்டத்துக்குத்தான் ஒற்றை அளவுருக் குலம் என்று பெயர்.

ஒரு விதிமேல் இன்னொன்றைப் போடுவதைப் பெருக்கல் என்று கொண்டால், நேரங்களைக் கூட்டும்போது விதிகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன; இதுதான் குலப் பண்பு. கூட்டலைப் பெருக்கலாக மாற்றுவது அடுக்கின் வேலைதானே!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விதிகள் எல்லாம் அணிகள் (அவள் சொன்ன மேட்ரிக்ஸ்தான், வரிசையும் நிரலுமாக எண்கள் அடுக்கிய கட்டம்), நேரத்தோடு அவை துள்ளாமல் தொடர்ச்சியாக மாறுகின்றன, இவ்வளவு மட்டும் சொன்னால் போதும், அந்தக் குலம் ஏதோ ஓர் அணியின் அடுக்காகத்தான் (e என்ற எண்ணின் தலையில் நேரம் பெருக்கல் அந்த அணியை ஏற்றியதாகத்தான்) இருக்க முடியும், வேறு வழியே கிடையாது. வகையிட, அதாவது மாறும் வீதத்தைக் கண்டுபிடிக்க, முடியும் என்றுகூடத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, குலப் பண்பே அதைக் கொடுத்துவிடும். அந்த அணி என்ன? பூஜ்ய நேரத்தில், நிலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகரத் தொடங்குகிறது என்பதுதான். அதை 'அ' என்போம். நிலை மாறும் வீதம் எப்போதும் 'அ' பெருக்கல் நிலை. நம் வகைக்கெழுச் சமன்பாடு இதுவே.

இப்போது தொடரை நாமே கட்டலாம். முதல் மதிப்பீடு: நிலை அப்படியே நிற்கிறது. திருத்தம்: நேரம் பெருக்கல் 'அ' அளவு நகர்கிறது. ஆனால் நகர்ந்ததால் வீதமும் மாறியிருக்கும், அதற்கு நேரத்தின் வர்க்கம் பெருக்கல் 'அ' வர்க்கம், வகுத்தல் 2. அதற்கும் திருத்தம், வகுத்தல் 6, அப்புறம் 24, 120 என்று போகும். கீழே இருக்கும் எண்கள் மேலே இருப்பதைவிட வேகமாகப் பெருப்பதால் எந்த அணியைக் கொடுத்தாலும் தொடர் குவிந்துவிடும், அதாவது ஒரே விடையில் போய் நிற்கும்.

சிலசமயம் அது சீக்கிரமே முடிந்தும் போகும். கிண்டி தாண்டிச் சீரான வேகத்தில் ஓடும் தாம்பரம் லோக்கலில் இடம் மாறுகிறது, வேகம் மாறவில்லை. இங்கே 'அ' என்பது (இடம், வேகம்) என்ற ஜோடியை (வேகம், பூஜ்யம்) ஆக்கும், இரண்டாம் தடவை போட்டால் இரண்டுமே பூஜ்யம். தொடரில் இரண்டே உறுப்புதான் மிஞ்சும்: புது இடம் = பழைய இடம் + நேரம் × வேகம். எட்டாம் வகுப்புக் கணக்கு!

ஊஞ்சலில் இந்தத் தொடர் முடிவதே இல்லை. சங்கிலி எட்டு அடி என்றால், சின்ன ஆட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று சுமார் 3.14 விநாடி (எட்டு அடிக்கு இப்படிப் 'பை' எண்ணாக அமைவது தற்செயல்தான், ஆனால் அழகு). அரை விநாடியை ஓர் அலகாக வைத்தால் 'அ' என்பது (இடம், வேகம்) ஜோடியை (வேகம், மைனஸ் இடம்) ஆக்கும். இரண்டு தடவை போட்டால் குறி மட்டும் மாறும், நான்கு தடவைக்குப் பழையபடி. அதனால் தொடர் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று கொசைன், மற்றது சைன். இடம் 1, வேகம் 0 என்று விட்டால் ஓர் அலகு கழித்து இடம் 0.54, வேகம் மைனஸ் 0.84.

எண்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் அணிகளுக்கு உண்டு. ஊஞ்சலின் 'அ'வை ரயிலின் நகர்வு, நடுவை நோக்கிய இழுப்பு என்று இரண்டு அணிகளின் கூட்டலாக எழுதலாம். அடுக்குகளைத் தனித்தனியே போட்டுப் பெருக்கினால் என்ன? அதே (1, 0)-இல் தொடங்கி ஓர் அலகுக்கு நகர்வு முதலில், இழுப்பு அப்புறம் என்றால் (1, மைனஸ் 1) வரும். இழுப்பு முதலில் என்றால் (0, மைனஸ் 1). வரிசை மாறினால் விடை மாறுகிறது, இரண்டுமே தப்பு. ஆனால் அந்த ஓர் அலகை ஆயிரம் துண்டாக நறுக்கி, கொஞ்சம் நகர்வு கொஞ்சம் இழுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் சரியான விடையை நெருங்கிவிடலாம். நார்வே கணிதர் சோஃபஸ் லீ பெயரால் வழங்கும் சூத்திரம் இது.

கணினியில் தொடரை அப்படியே கூட்டுவதும் ஆபத்து, பெரிய பிளஸ் மைனஸ் எண்கள் அடித்துக்கொண்டு கடைசி இலக்கங்கள் காணாமல் போகும். 1978-இல் கிளீவ் மோலர், சார்லஸ் வான் லோன் என்ற இரண்டு கணித ஆய்வாளர்கள் அணியின் அடுக்கைக் கணக்கிட 19 வழிகளை அலசி, எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் சந்தேகத்துக்குரியவை என்றார்கள். இன்று அதிகம் பயன்படும் வழி குலப் பண்பையே பிடித்துக்கொள்கிறது: நேரத்தை, உதாரணமாக, 1024-ஆல் வகுத்து அந்தத் துளி நேரத்துக்கு மட்டும் அடுக்கைக் கண்டுபிடி, பிறகு விடையைத் தன்னோடு தானே பத்துத் தடவை வர்க்கப்படுத்து.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் காபி வந்தது. பாலில் டிகாக்ஷன் கலப்பதற்கும் 'இவ்வளவு நேரம் கழித்து' விதிகள் உண்டு, நேரங்களைக் கூட்டினால் அவையும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். ஆனால் டம்ளரில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் வேண்டும், இரண்டு எண்கள் போதாது. அங்கே மைனஸ் நேர விதி உடைந்துவிடுகிறது, சீராகக் கலந்த காபியிலிருந்து டிகாக்ஷன் எங்கே விழுந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட வழியில்லை. அதனால் அதை அரைக்குலம் என்கிறார்கள்.