அருகருகே வைத்தால் மட்டும் போதாது

மூல அச்சில் எடுத்த களிமண் பொம்மையும், அந்தப் பொம்மையின் மேலேயே புது அச்சு எடுத்து வார்த்த நகலும் ஒரே உயரம் இருக்காது. ஈரக் களிமண்ணில் இருக்கும் தண்ணீர் வெளியேறும்போது மண் துகள்கள் நெருங்கி உட்காரும். சூளையில் வேகும்போது இன்னும் கொஞ்சம் நெருங்கும். மண்ணைப் பொறுத்து மொத்தச் சுருக்கம் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். 30 செ.மீ. உயரமுள்ள கிருஷ்ணருக்கு நகல் எடுத்தால் அது 28 செ.மீ. அளவில் வந்து நிற்கும். கொலு பொம்மை சேர்ப்பவர்களுக்கு இது பெரிய தடயம். பரணில் இருந்து இறங்கும் பெட்டியில் ஒரே முகமுள்ள இரண்டு பொம்மைகள் இருந்தால், எது முதல் அச்சு, எது நகல் என்று தெரிந்துகொள்ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, விஷயம் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இதே 5, 10 சதவீத வித்தியாசத்தைக் கேமராவும் உண்டாக்கும். ஒரு பொருள் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சின்னதாகப் படத்தில் விழும். தூரம் இரட்டிப்பானால் உயரம் பாதி. செல்போனை 60 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கிறோம், ஒரு பொம்மை மற்றதைவிட 5 செ.மீ. பின்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐ 65-ஆல் வகுத்தால் 0.92. ஒரே அச்சில் பிறந்த இரட்டைகளில் ஒன்று படத்தில் 8 சதவீதம் குட்டையாகிவிட்டது. பார்ப்பவர் அதை நகல் என்று சொல்லிவிடுவார். களிமண் சுருங்கியதா, கேமரா சுருக்கியதா என்று அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இதற்குத் தீர்வு செலவே இல்லாதது: பின்னால் போங்கள். அதே 5 செ.மீ. பிசகு 3 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது 300-ஐ 305-ஆல் வகுத்த அளவுக்குத்தான் தெரியும், அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவு. பொம்மை படத்தில் சின்னதாக விழுமே என்றால் ஜூம் செய்யலாம், அல்லது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். ஜூம் செய்தால் உருவ அமைப்பு மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எது பெரிதாக, எது சின்னதாகத் தெரியும் என்ற விகிதத்தை முடிவு செய்வது கேமரா நிற்கும் இடம் மட்டும்தான். லென்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

பொம்மையின் முகத்துக்கும் இதே கணக்குதான். 20 செ.மீ. தூரத்தில் போனைக் கொண்டுபோனால், காதைவிட 2 செ.மீ. முன்னால் இருக்கும் மூக்கு, காதோடு ஒப்பிட்டால் 10 சதவீதம் பெரிதாகிவிடும். 1959-ல் வந்த பார்பிக்கு உயரம் சுமார் 29 செ.மீ.; இந்த வகைப் பொம்மைகளை 1:6 அளவு என்பார்கள். அதாவது பொம்மைக்கு 30 செ.மீ. தூரம் என்பது நமக்கு 180 செ.மீ. தூரம் மாதிரி. 20 செ.மீ. என்றால் ஒரு மனிதர் முகத்துக்கு நேரே 120 செ.மீ. தூரத்தில் கேமராவை நீட்டியதற்குச் சமம். ஒரு பொம்மையின் அழகான படத்துக்கு அது பரவாயில்லை. இரண்டு முக அச்சுகளை ஒப்பிட அது ஆகாது.

அப்புறம், எந்தக் கோட்டில் நிறுத்துவது? பொம்மைகளின் பீடத்தை வரிசைப்படுத்தி வைப்பதுதான் வழக்கம். ஆனால் கொலு பொம்மைகளில் பீடத்தின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறும். பெரிய பீடத்தில் உருவம் பின்னால் தள்ளி நிற்கும். உயரத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு தலைகளும் ஒரே தளத்தில், அதாவது கேமராவிலிருந்து ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், முகத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு மூக்குகளும். மேஜைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, மேலிருந்து பார்த்துச் சரிசெய்தால் போதும். ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் அதே தளத்தில் நிற்க வைத்துவிட்டால் படமே அளவுகோலாகிவிடும்: 15 செ.மீ. ஸ்கேல் படத்தில் 1500 பிக்சல் என்றால், 10 பிக்சலுக்கு 1 மி.மீ. ஸ்கேல் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் வைக்கலாம், அதன் விட்டம் 27 மி.மீ. ஆனால் அதுவும் பொம்மையின் தளத்திலேயே இருக்க வேண்டும். காலடியில் முன்னால் கிடக்கும் நாணயம் தப்பான அளவைத்தான் சொல்லும்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்போனின் முக்கிய கேமரா அகலக் கோண வகை. நேர்கோடு நேர்கோடாகவே விழ வேண்டும் என்பதற்காக, இந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பதை வெளிப்புறமாக இழுக்கும். 24 மி.மீ. லென்ஸுக்கு இணையான கோணத்தில், படத்தின் இடது அல்லது வலது விளிம்பில் ஒரு உருண்டை இருந்தால் அது 25 சதவீதம் அகலமான நீள்வட்டமாக விழும். இரண்டு பொம்மைகளையும் படச் சட்டத்தின் இரு முனைகளில் நிறுத்தினால் இரண்டு தலைகளும் எதிர் எதிர்த் திசையில் வீங்கும். நடுவில் நெருக்கமாக, மையத்திலிருந்து சம தூரத்தில் நிறுத்துங்கள். கேமராவின் உயரம் பொம்மையின் பாதி உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் உயரமான பொம்மையின் தலை லென்ஸை நெருங்கி, இருக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும்.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஏதாவது ஒரு பிசகு மிஞ்சும். மேஜை லேசாகச் சாய்ந்திருக்கும், ஜன்னல் ஒரு பக்கம் இருக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தக் கலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்: ஒரு படம் எடுத்த பிறகு கேமராவைத் தொடாமல் பொம்மைகளை மட்டும் இடம் மாற்றி, இன்னொன்று எடுப்பது. பொம்மையோடு சேர்ந்து நகரும் வித்தியாசம் பொம்மையுடையது. அதே பக்கத்திலேயே நின்றுவிடும் வித்தியாசம் வெளிச்சத்துடையது, லென்ஸுடையது, மேஜையுடையது. முதல் படத்தில் சின்னது பெரியதில் 0.95 பங்கு, மாற்றி எடுத்ததில் 0.97 என்று வந்தால், உண்மை 0.96-ஐ ஒட்டி இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். சோதனைச்சாலையில் தராசின் இரண்டு தட்டுகளிலும் பொருளை மாற்றி வைத்து எடை பார்ப்பார்கள். தராசுக் கோலின் ஒரு கை சற்று நீளமாக இருந்தாலும் அந்தக் குறை அப்படித்தான் கழிந்துபோகும்.

இனி வெளிச்சம். இங்கே கொடைக்கானலில் நவராத்திரி வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மழையும் பனிமூட்டமும் கூடும் காலம். ஏரிக்கரை பளிச்சென்று இருக்கும், காபி குடித்து முடிப்பதற்குள் மேகம் ஜன்னலுக்கு வந்துவிடும். நேர் வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும் வெளிச்சம், அடர்ந்த மேகம் வந்தால் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கும். அதனால் ஒரு பொம்மையை இப்போது, இன்னொன்றைக் கொஞ்ச நேரம் கழித்து என்று தனித்தனியாக எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவது மலையில் செல்லவே செல்லாது. இரண்டும் ஒரே சட்டத்தில், ஒரே கணத்தில் விழ வேண்டும்.

பனிமூட்டத்தைப் பலர் எதிரியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பாதி நண்பன். மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளிகள் பொதுவாகச் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை விட்டம் கொண்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். துளி அலையைவிட இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவில் சிதறும். மூட்டம் வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமான, நிறம் சேராத ஒளி. புடவையின் அரக்கையும் தோலின் மாநிறத்தையும் ஒப்பிட இதைவிட நல்ல விளக்கு கடையில் கிடைக்காது. தெளிவான நாளில் நிழலில் வைத்தால் நீல வானம் பொம்மையின் மேல் நீலத்தைப் பூசும். புல்தரையில் வைத்தால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும்.

ஆனால் எல்லாப் பக்கமும் ஒளி என்றால் நிழலே இல்லை என்று அர்த்தம். நிழல் இல்லாவிட்டால் உருவத்தின் மேடு பள்ளம் தெரியாது. உதட்டின் விளிம்பு, இமையின் மடிப்பு, நகை வேலைப்பாட்டின் கூர்மை எல்லாம் நகல் எடுக்கும்போது மழுங்குகிற இடங்கள். அதைக் காட்ட ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில், முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வான கோணத்தில் வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மேட்டுக்கும் அப்போது நிழல் விழும். ஆகவே நிறத்துக்கு ஒரு படம், வடிவத்துக்கு ஒரு படம். ஒரே படத்தில் இரண்டையும் சாதிக்கப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாகத்தான் வருகின்றன.

தானியங்கிக் கேமரா இங்கே புகுந்து உதவி செய்யப் பார்க்கும். சட்டத்தில் இருப்பதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. கருநீலக் கிருஷ்ணரைத் தனியாக எடுத்தால் ஏற்றி வெளுப்பாக்கும். வெள்ளைப் புடவைச் சரஸ்வதியைத் தனியாக எடுத்தால் இறக்கி மங்கலாக்கும். சிவப்பு நிறைந்த காட்சி என்றால் அந்தச் சிவப்பு விளக்கிலிருந்து வந்ததோ என்று எண்ணி அதைக் குறைக்கும். இன்றைய போன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே படத்துக்குள்ளேயே இருண்ட பகுதியை மட்டும் தனியாக வெளிச்சமாக்குகின்றன, முகத்தைக் கண்டுபிடித்து மழமழவென்று ஆக்குகின்றன. ப்ரோ மோடுக்குப் போய் எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்ற கணக்கு) இரண்டையும் கையால் பூட்டி வைக்க வேண்டியது இதற்காக. ஒயிட் பேலன்ஸுக்கு ஏ4 தாளைக் காட்டாதீர்கள். அதில் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளிவிடும் வெளுப்பூட்டி கலந்திருக்கும்; 2,100 மீட்டர் உயரத்தில் வெயில் நாளில் புற ஊதாவும் கூடுதல். குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பல மடிப்பாக மடித்து வைத்தால் எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்பும் வெள்ளை கிடைக்கும்.

வினைல் பொம்மை சேர்ப்பவர்களுக்கு நிறம்தான் உயிர். பார்பியில் 2016-ல் உயரம், குட்டை, பருமன் என்று புது உடல் வகைகள் வந்தன. ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் பொருத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது கழுத்தும் முகமும் ஒரே நிறமா என்பதை. இரண்டு சாயங்கள் எல்இடி பல்பின் கீழ் ஒன்றாகத் தெரிந்து, ஜன்னலருகே வேறாகத் தெரியலாம். நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. வெவ்வேறு கலவையில் வரும் ஒளி அந்த மூன்றையும் ஒரே விகிதத்தில் தூண்டினால் மூளைக்கு அது ஒரே நிறம். விளக்கு மாறியதும் அந்தச் சமன்பாடு உடைந்துவிடும். கேமராவின் உணர்திறன் கண்ணிலிருந்து வேறுபட்டது என்பதால், கண்ணுக்குப் பொருந்தியது படத்தில் பொருந்தாமலும் போகலாம். இரண்டு வகை வெளிச்சத்திலாவது எடுத்துப் பாருங்கள்.

எடுத்த படத்தைப் பார்க்கும் விதமும் முக்கியம். இரண்டு படங்களுக்கு இடையே கண்ணை ஓட்டும்போது, முதலில் பார்த்ததை நினைவில் வைத்துத்தான் ஒப்பிடுகிறோம்; அந்த நினைவு மிகவும் பலவீனமானது. ஒரே இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் மாறிய பகுதி துள்ளித் தெரியும். 1930-ல் அமெரிக்க வானியலாளர் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது இப்படித்தான். ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு வான்படக் கண்ணாடித் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, நகராத நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியது. நாம் போனில் இரண்டு படங்களையும் ஒரே அளவுக்கு வெட்டி, விரலால் முன்னும் பின்னும் தள்ளினால் அதே வேலை நடந்துவிடும்.

ஒப்பீட்டுப் படம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறது. அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வருவதும் நம் மேஜைச் சிக்கல்தான். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும், ஜூலையில் சுமார் 15.2 கோடி. அதனால் ஜனவரிச் சூரியன் படத்தில் 3.4 சதவீதம் பெரிது. அதைக் கழிக்காமல் கரும்புள்ளிகளின் பரப்பை அளந்தால் ஜனவரிப் புள்ளிகள் சுமார் 7 சதவீதம் வளர்ந்த மாதிரி இருக்கும். எனவே வட்டின் ஆரத்தை அளந்து, புள்ளியின் அளவை அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். நமக்கு ஸ்டீல் ஸ்கேல் எதுவோ, அவர்களுக்குச் சூரியனின் விளிம்பு அது. தகடு மாறினாலும் ஆள் மாறினாலும் ஒப்பீடு நிற்பதற்கு இந்தப் பொறுமைதான் காரணம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வருஷா வருஷம் அதே பொம்மையை எடுத்துச் சாயம் மங்குகிறதா என்று பார்ப்பவர்களும் இந்தப் பொறுமையைக் கைக்கொள்ளலாம். கேமராவின் தூரம், உயரம், எந்த ஜன்னல், என்ன நேரம் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய வலை போல அது படரும்போது ஒளி சிதறி, கறுப்பு சாம்பலாகும், நிறங்கள் வெளிறும். அப்போது எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்தால் பொம்மையின் சாயம் போய்விட்டது போலத் தோன்றும். ஸ்கேலில் இருக்கும் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். வெளிச்சமும் எக்ஸ்போஷரும் அதேதான், ஆனால் அந்தக் கோடுகளும் வெளிறியிருக்கின்றன என்றால் குறை லென்ஸில். பொம்மையைத் தொட வேண்டாம், லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். திரும்பி வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள்.