வெடித்த காம்பு: எதை ஒட்டலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்

கடலூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில்தான் காம்பு வெடித்த மண்வெட்டிகளும் தலை ஆடும் கோடரிகளும் எங்கள் தச்சுப் பட்டறைக்கு மிகுதியாக வருகின்றன. மழையில் உப்பிய மரம் காயும்போது மேற்பரப்பு முதலில் சுருங்க, உள்ளே ஈரம் தங்கிவிடுவதால், நாரின் போக்கிலேயே வெடிப்பு விழுகிறது.

தலை ஆடினால் கருவியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஊறிய மரம் இறுகுவது உண்மையே. ஆனால் இரும்புத் துளைக்குள் விரிய இடமில்லாத நார்கள் நசுங்கிவிடுவதால், காய்ந்தபின் காம்பு முன்பைவிட மெலிந்து, தலை இன்னும் அதிகமாக ஆடும். நன்கு காய்ந்த மரத்தில் செதுக்கிய புதிய ஆப்பை அடித்து இறுக்குவதே முறை.

கோடரி, சம்மட்டி, சுத்தியல் ஆகியவற்றின் காம்பில் வெடிப்புக் கண்டால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். மண்வெட்டியிலும் தலையை ஒட்டிய பகுதியில் வெடிப்பு இருந்தால், அல்லது அது நாரைக் குறுக்காக வெட்டிச் சென்றால், இதே விதிதான். கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வது எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். வெடிப்பு வளர்வதை அது மறைத்துவிடுகிறது. கூலிக்கு வருபவர் கையில் அத்தகைய கருவியைக் கொடுப்பவருக்கு, தலை கழன்று பறந்தால் நேரும் காயத்தில் பொறுப்பு உண்டு.

களைக்கொட்டு, அரிவாள் போன்றவற்றில் நாரோடு நீளவாக்கில் ஓடும் வெடிப்பைத் தயங்காமல் சீர்செய்யலாம். காம்பை நிழலில் நன்றாகக் காயவிட்டு, வெடிப்பிலுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, மெல்லிய சீவலால் சற்றே விரித்துப் பிடித்து, இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி பசையை ஆழம்வரை செலுத்த வேண்டும். பின்னர் சீவலை உருவிவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து இழுத்துச் சுற்றி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைக்க வேண்டும். டியூபை அவிழ்த்தபின், மீன்வலைக்குப் பயன்படும் நைலான் நூலை இடைவெளியின்றி நெருக்கிச் சுற்றி, அதன்மேலும் எபாக்சியைப் பூசினால் கட்டு நழுவாது. துறைமுகப் பக்கம் ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசினை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. அது பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை என்பதால் மரத்தை எபாக்சி அளவுக்குப் பற்றுவதில்லை.

வெடிப்பின் குறுக்கே ஆணி அடிப்பது கூடாது. ஆணி புதிய பிளவைத் திறப்பதோடு, நம் கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் மக்கச் செய்கிறது.

உளியின் பிடி, அடி வாங்கும் முனையில் பிளந்தால், சிதைந்ததைச் சீவிவிட்டு இரும்புப் பூண் (இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போடுவது போதும்.

புதுக் காம்புக்குக் கருவேல், புளி போன்ற உறுதியான மரத்தில் கணு இல்லாததாக, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடுவதாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை ஆளி விதை எண்ணெய் பூசினால் ஈரம் ஏறி இறங்கும் வேகம் குறையும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாமல், திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறப்பதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.