பச்சையாக எரிந்த டெஸ்ட், தலைகீழாக நகர்ந்த ஸ்டாக்

ஒரு பயிற்சி போர்டுக்காக ரிஸ்க்-ஃபைவ் (ஒரு ப்ராசஸர் வகை) அசெம்ப்ளர் ஒன்றை, அதாவது எழுத்தில் உள்ள கட்டளைகளை ப்ராசஸருக்குப் புரியும் எண்களாக (மெஷின் கோட்) மாற்றும் நிரலை, நாங்களே எழுதி வைத்திருந்தோம். அதன் ஒவ்வொரு சிறு பகுதியையும் சரிபார்க்கும் யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஆனால் பெரிய அரே வைத்திருந்த ஒரு ஃபங்ஷன் மட்டும், அதை அழைத்த ஃபங்ஷனின் டேட்டாவை மிதித்துவிட்டுத் திரும்பியது. இரண்டு நாள் ஹார்டுவேர் மேல் பழி போட்டோம். வழக்கம்தானே.

கோளாறு ஒரே வரியில் இருந்தது. ஃபங்ஷன்களின் தற்காலிக டேட்டா இருக்கும் நினைவகப் பகுதி ஸ்டாக்; அதன் முனையைக் காட்டுவது ஸ்டாக் பாயிண்டர். அதிலிருந்து 2064-ஐக் கழிக்க, -2064 என்று எழுதிய ஒரு ஆட்-ஐ (எண்ணைக் கூட்டும்) கட்டளை. அந்தக் கட்டளைக்குள் எண்ணுக்கு இருக்கும் இடம் 12 பிட்தான். -2048 முதல் 2047 வரைதான் கொள்ளும். எங்கள் அசெம்ப்ளரோ கீழ் 12 பிட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. வெட்டியதில் மிஞ்சியது +2032. கீழே இறங்க வேண்டிய ஸ்டாக் மேலே, அழைத்த ஃபங்ஷனின் இடத்துக்குள் ஏறிவிட்டது.

இதற்கு டெஸ்டே இல்லை என்றால்கூட மனசு ஆறியிருக்கும். இருந்தது! இதே வரிக்கு, எதிர்பார்க்கும் விடையாக 7எஃப்010113 என்ற பதினாறடிமான எண்ணோடு. அது எங்கிருந்து வந்தது? அசெம்ப்ளரை ஒருமுறை ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டி வைத்திருந்தேன். ஆமாம், நான்தான். ரிஸ்க்-ஃபைவில் இந்த எண்ணின் குறி எப்போதும் கட்டளையின் 31-ஆம் பிட்டில், அதாவது உச்சியில் இருக்கும். மைனஸ் எண் என்றால் முதல் இலக்கம் 8-க்குக் குறையவே முடியாது. 7-இல் தொடங்கியதைப் பார்த்ததும் உறைத்திருக்க வேண்டும். கேள்வித்தாளையும் விடைத்தாளையும் ஒரே ஆள் எழுதினால் நூற்றுக்கு நூறுதான்.

அன்றிலிருந்து எதிர்பார்க்கும் விடை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கையேட்டைப் பார்த்துக் கையால் போட்ட கணக்கு, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் குனு அசெம்ப்ளர் தரும் மெஷின் கோட். (அந்த -2064 வரியை குனு அசெம்ப்ளர் ஏற்கவே மறுக்கிறது. முதலிலேயே கேட்டிருக்கலாம்.) அப்புறம், எல்லை ஓரங்களுக்கு டெஸ்ட்: -2048, 2047 இரண்டும் தேற வேண்டும், -2049, 2048 இரண்டும் தோற்க வேண்டும். எதை ஏற்கக்கூடாது என்பதற்கு எங்களிடம் அதுவரை ஒரு டெஸ்ட்கூட இல்லை.

அசெம்ப்ளரில் வரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியான பார்சரும் யோக்கியமில்லை. ஹேஷ் குறியைக் கண்டால் மீதி எல்லாம் கமென்ட்; கமாவைக் கண்டால் வெட்டு. மேற்கோளுக்குள் "விலை, வரி #1" என்று ஒரு சரம் வந்தால் போச்சு. வரியைப் பிரிக்க வைத்திருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம்) மேலும் மேலும் நீட்டிப் பார்த்தோம். அது தீர்வல்ல என்பது என் கட்சி. முதலில் வரியை டோக்கன்களாக (சொல், எண், குறி போன்ற துண்டுகளாக) பிரிக்கும் லெக்சர், அதற்குப் பின்னால்தான் பார்சர். தனித்தனியாக்கியதும் டெஸ்ட்கள் சின்னதாகிவிட்டன: ஒரு வரியைக் கொடு, டோக்கன் வரிசையைப் பார். அடைப்புக்குள் ரிஜிஸ்டர் வரும் 8(எஸ்பி) போன்றவை, விண்டோஸ் ஃபைலின் வரிக்கடைசிக் குறி, கடைசி வரியில் என்டர் தட்டாமல் விட்ட ஃபைல், எல்லாம் இங்கேயே சிக்கின.

கல்லூரி லேபில் 8085 ப்ராசஸர் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும்: எஃப்எஃப்எச் (பதினாறடிமானத்தில் 255) என்று எழுதினால் அசெம்ப்ளர் அதை ஒரு லேபிளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும், முன்னால் 0 போட்டால்தான் எண். ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. முதல் எழுத்தை வைத்தே டோக்கனின் வகையை முடிவு செய்யத்தான் அந்த ஏற்பாடு என்பது, சொந்தமாக லெக்சர் எழுதும்போதுதான் புரிந்தது.

ஒவ்வொரு டோக்கனும் தன் வரி எண்ணையும் இடத்தையும் இப்போது சுமந்து வருகிறது. பிழை டெஸ்ட்களில் நாங்கள் ஒப்பிடுவது பிழையின் வகையையும் இடத்தையும் மட்டும். செய்தியின் வாசகத்தை ஒப்பிட்டால் ஒரு சொல் மாற்றினாலும் டெஸ்ட் சிவந்துவிடும்.

அந்தப் பழைய டெஸ்டை நீக்கவில்லை. 7எஃப்010113 இருந்த இடத்தில் இப்போது இருப்பது: எண் எல்லை மீறல், 1-ஆம் வரி, 14-ஆம் எழுத்து.