வலப்பக்கம் காலியாக இருந்த தாள்

ஆலோசனைக்கு வருபவர்களுக்கு முதல் சந்திப்பில் நான் கொடுக்கும் வேலை எளிதானதுதான். ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் உங்களுக்குத் தொந்தரவாக இருப்பவற்றையும் வலப்பக்கம் உங்களுக்கு நன்றாக வருபவற்றையும் எழுதுங்கள் என்பேன். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை துறுதுறுப்புக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு இடப்பக்கம் நிரம்பி, தாளின் பின்புறத்துக்கும் ஓடிவிடும். வலப்பக்கம் பெரும்பாலும் ஒரே வரி: "எல்லாரிடமும் நன்றாகப் பழகுவேன்." சிலர் அதையும் எழுதிவிட்டு அடித்துவிடுவார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 40-ஐ நெருங்குகிறது, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று உறுதிசெய்து என்னிடம் அனுப்பியிருந்தார். அவருடைய வலப்பக்கம் சுத்தமாகக் காலி. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி மேலே பார்த்தார்.

"சாரி மேடம். உங்க ஃபேன்ல பேரிங் போகப்போகுது. சத்தம் மாறியிருக்கு."

எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. "பாத்தீங்களா, இதுதான் என் பிரச்சினை. ஒண்ணு பேசும்போதே இன்னொண்ணுக்குப் போயிடுவேன்."

பத்து நாள் கழித்து அந்த ஃபேன் நின்றுபோனது வேறு கதை. நான் கவனித்தது, அவர் அந்தக் காதை எந்தப் பக்கம் எழுதினார் என்பதைத்தான். இடப்பக்கம், "சின்னச் சத்தம் கேட்டாலும் கவனம் சிதறும்" என்று.

இது அவருடைய தவறு இல்லை. ஏ.டி.எச்.டி.யைக் கண்டறியும் முறையே குறைகளை எண்ணுவதுதான். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, கவனம் தொடர்பான 9 அறிகுறிகளில், அல்லது துறுதுறுப்பும் அவசரமும் தொடர்பான 9 அறிகுறிகளில், பெரியவர்களுக்குக் குறைந்தது 5 இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். நோயறிய அந்தக் கணக்கு தேவை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 40 வயதில் கண்டறியப்படுபவர், "மூளை இருக்கு, பொறுப்பு இல்லை" என்பதை முப்பது வருடமாகக் கேட்டுவிட்டு வருகிறார். இடப்பக்கத்தை அவர் யோசித்து எழுதுவதே இல்லை. மனப்பாடமாக இருப்பதை ஒப்பிக்கிறார். வலப்பக்கத்துக்குரியவை கஷ்டப்படாமல் வருவதால், அவை ஒரு திறமை என்றே தோன்றுவதில்லை. "இதெல்லாம் எல்லாருக்கும் வரும் மேடம்" என்பார்கள். வராது.

சரி, அப்படியானால் ஏ.டி.எச்.டி. ஒரு சூப்பர் பவரா? எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸும் தங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் கடைசித் தேதி தாண்டிய பில்களோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிம்பிக் பதக்கத்தால் என்ன ஆகப்போகிறது? விபத்து, கடன், வேலையிழப்பு எல்லாம் இந்தக் குறைபாட்டோடு கூடவே வரக்கூடியவை. எல்லாக் குறையையும் திருப்பிப் போட்டால் பலம் வரும் என்பதும் உண்மையில்லை. மறதி வெறும் மறதிதான். அதற்கு அலாரம் வையுங்கள், பில்லைத் தானாகக் கட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கவனக்குறைவு என்ற பெயரே பாதி தவறு என்பேன். கவனம் இருக்கிறது, அதைத் திருப்பும் சுவிட்ச்தான் எப்போதும் கைக்கு எட்டுவதில்லை. ஆர்வமோ புதுமையோ சவாலோ நெருக்கடியோ வந்தால் சுவிட்ச் தானாகவே விழும். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செயல்படும் விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அப்படி விழும்போது, பசி தெரியாமல் ஐந்து மணி நேரம் ஒரே வேலையில் மூழ்கிவிடுவார்கள். எந்த வேலையில் மூழ்குகிறீர்கள் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

2025-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 200 பேரும் இல்லாத 200 பேரும் தங்கள் பலங்களை மதிப்பிட்டார்கள். இப்படி மூழ்கும் தன்மை, நகைச்சுவை உணர்வு, படைப்பாற்றல் ஆகியவை தங்களிடம் இருப்பதாக முதல் குழுவினர் கூடுதலாகச் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு. தங்கள் பலத்தை அறிந்து பயன்படுத்துகிறவர்களின் மனநலம் இரண்டு குழுவிலுமே மேலாக இருந்தது. இவையெல்லாம் அவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன சுயமதிப்பீடுதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் அதிகம் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. வலப்பக்கத்தில் "ரொம்பப் பொறுப்பானவள், எதையும் தவறவிட மாட்டேன்" என்று எழுதும் பெண்கள். விசாரித்தால், ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் ஆறு முறை படிக்கிறார். பத்து மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கே தயாராகி, வேறு எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இரவில் பூட்டை மூன்று முறை பார்க்கிறார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது பொறுப்பு. உள்ளே ஓடுவது பயம், முன்பு வாங்கிய திட்டுகளின் மிச்சம். இதனாலேயே பலருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது வெகு தாமதமாகத் தெரியவருகிறது. இது சமாளிப்பு, இதைப் பலம் என்று எழுதிக்கொண்டால் இன்னும் அதிகமாகச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இதைச் செய்து முடித்த பின் எப்படி இருக்கிறீர்கள்? பலம் உடம்பைக் களைப்பாக்கலாம், ஆனால் மனதில் ஒரு தெம்பு இருக்கும். சமாளிப்பு மறுநாள் எழுந்திருக்கவே விடாது.

அப்புறம், எப்படித் தேடுவது? "உங்கள் பலம் என்ன?" என்று யாரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டாம், பதில் வராது. நன்றாக நடந்த ஒரு வேலையைப் பிடித்து, அன்று என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். தனியாகவா, கூட்டத்திலா? கையால் செய்ததா, பேசிச் செய்ததா? அன்றே பதிந்துவிட வேண்டும். ராத்திரிக்கு ஞாபகம் இருக்காது. எழுதவும் பொறுமை இருக்காது. போனில் குரல் பதிவு போதும். உங்களை நன்கு அறிந்த மூன்று பேருக்கு, "என்ன வேலை வந்தால் முதலில் என்னைக் கூப்பிடத் தோன்றும்?" என்று ஒரு செய்தி அனுப்பலாம். நேரில் கேட்டால் அவர்கள் உபசாரமாகப் பேசிவிடுவார்கள்.

இங்கே வழக்கமாக ஒரு பயம் எழும்: மாத்திரை போட்டால் இதெல்லாம் போய்விடுமா? பெரும்பாலானோர் என்னிடம் சொல்வது, யோசனைகள் அப்படியே இருக்கின்றன, இப்போது அவற்றை முடிக்கவும் முடிகிறது என்பதே. மந்தமாகிவிட்டதாகத் தோன்றினால் மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஃபேன் சத்தத்தைக் கண்டுபிடித்த அந்த இயந்திரக்காரர் மூன்று வாரம் கழித்து வந்தார். தாளை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். போனை நீட்டினார்; 11 குரல் பதிவுகள். முதல் பதிவில் பின்னால் ஏதோ இரைகிறது, நடுவில் அவருடைய குரல், கொஞ்சம் வெட்கத்தோடு. "மேடம், இது பலமான்னு தெரியல. ரெண்டு பேரு நாள் பூரா தேடியிருக்காங்க. நான் போய் நின்னு கேட்டேன், பத்து நிமிஷத்துல கோளாறு எங்கன்னு புரிஞ்சுடுச்சு. எப்படின்னா..." பேச்சு நிற்கிறது. "இருங்க, அந்தப் பக்கம் வேற ஒரு சத்தம் வருது." அதற்குப் பிறகு காலடி ஓசை மட்டும் கேட்கிறது.